குப்பம்மா கேட்காத கேள்வி

அத்தியாயம் 5

“உசுரோட கீறாளா, இல்லியா? அத்த மட்டும் கண்டுபுட்ச்சி சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்.”

குப்பம்மா இதைச் சொன்ன விதம், ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று விசாரிக்கிற மாதிரி இருந்தது. அழுகை இல்லை, மூக்கை உறிஞ்சவில்லை, முந்தானையைத் தேடவில்லை. அவர் கண் எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்கிய காலண்டர் மேல் இருந்தது. காலண்டரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு அந்தம்மா மேல் வந்தவுடனேயே ஒரு கடுப்பு. நான் மரியாதையாக இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், உள்ளங்கையால் அதை ஒரு வழி வழித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். காலையில் நானே துடைத்த நாற்காலி. ராயபுரத்தில் பிரியாணிக் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்தால் என்ன, நாங்களும் குளித்துவிட்டு வருகிற ஆட்கள்தானே!

என் பெயர் அமீருதீன். அமீர் என்றால் போதும், திரும்பிப் பார்ப்பேன். ரமாபாய் அக்கா நடத்தும் துப்பறியும் நிலையத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது, டீக்கடைகளில் வாயைக் கொடுத்து விஷயத்தைப் பிடுங்குவது, சும்மா இருக்கும் நேரத்தில் ஜோக் அடிப்பது, இந்த மூன்றும் என் இலாகா. முதல் இரண்டையும் அக்கா பாராட்டியிருக்கிறார். மூன்றாவதற்கு அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழுந்து நான் பார்த்ததில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் நிலையத்துக்கு வருவதில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, வேலை நிஜமா, ஏற்கெனவே எங்கேயாவது ஒரு குடும்பம் இருக்கிறதா. வியாசர்பாடி டெனமெண்டில் பிறந்து, வருடக்கணக்காக இந்தக் குப்பையைக் கிளறி, கிளறி, அக்காவுக்கு ஆச்சரியப்படும் நரம்பே மரத்துப்போய்விட்டது. முதல் மனைவி இருக்கிறாள் என்று கண்டுபிடித்தால், “ம்” என்பார். இரண்டாவதும் இருக்கிறாள் என்றால், “எழுதிக்கோ” என்பார்.

“பொண்ணு பேரு?” என்றார் அக்கா.

“சுஜா.”

“எப்பலேர்ந்து காணோம்?”

“காணோம்னு யார் சொன்னா? மாலத்தீவுல கீறா.” குப்பம்மா செல்போனை மேஜைமேல் வைத்து எங்கள் பக்கம் தள்ளினார். காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. “தெனம் வீடியோ அனுப்பும். ரெண்டு நாளா வர்ல. போனும் சுச்சாப்பு.”

கதை இதுதான். சுஜாவுக்குப் போன மாதம் திருவொற்றியூரில் கல்யாணம். மாப்பிள்ளை பாலகணேஷ், மாலத்தீவில் ஏதோ ஒரு குட்டித் தீவு ரிசார்ட்டில் வேலை. கடலுக்கு நடுவே காயல், காயலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், வெள்ளைக்காரன் பெண்டாட்டியோடு வந்து கடனாளியாகத் திரும்பும் இடம். அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டாம். அவர்கள் கல்யாணத்துக்கு ஒரு வீட்டைச் சில நாட்கள் சும்மா கொடுப்பார்கள். காயல் ஓரம் பந்தல் போட்டு இன்னொரு தடவை மாலை மாற்றி போட்டோவும் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே தாலி கட்டியவன், அங்கே மாலை மாற்ற சுஜாவைக் கூட்டிக்கொண்டு போனான்.

“குடுத்து வெச்ச பொண்ணு. நாங்கல்லாம் நிக்கா முடிஞ்சி ஊட்டிக்குப் போறேன்னு கெளம்பி, மேட்டுப்பாளையத்துலயே வாந்தி எடுத்துட்டுத் திரும்பி வந்த ஆளுங்க” என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே பிரியாணிக் கடையில் யாரோ அண்டாவைச் சுரண்டினார்கள்.

அக்கா முதல் வீடியோவைத் திறந்தார். சொட்டு நீலம் போட்டு அலசிய மாதிரி ஒரு தண்ணீர், அதன் மேல் வெள்ளை மரத்தளம், பிரம்பு நாற்காலி. புதுத் தாலி வெயிலில் மின்ன ஒரு பெண் வருகிறாள். உட்காரப் போனவள், நாற்காலியை உள்ளங்கையால் ஒரு வழி வழித்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே கேமராவுக்கு நேராக நீட்டினாள்.

“யம்மா, பாத்தியா? ஒண்ணுமே இல்ல! சுத்தமா கீது!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், “இன்னா பண்ற நீ?” என்று கேட்டது.

நான் குப்பம்மாவைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன்.

“உங்க வூட்ல எல்லாருக்குமே இந்தப் பழக்கம் கீதா, ஆயா?”

“அத்திப்பட்டுல இருந்தோம் நைனா. அவுரு செத்தப்புறம்தான் திருவத்தியூருக்கு வந்தோம். அங்க கரண்டு கம்பெனி சாம்பலு. துணி காய வெச்சாலும் சாம்பலு, சோறு தொறந்து வெச்சாலும் சாம்பலு. தொடைக்காம குந்துனா பின்னாடி கரி அப்பிக்கும். பொண்ணு பாக்க வந்தவங்களே தொடச்சிட்டுத்தான் குந்துவாங்க. கை தன்னால போவும்.”

என் கடுப்பு இறங்கிவிட்டது. அந்தம்மா என்னை அவமானப்படுத்தவில்லை, அத்திப்பட்டுக்காரி, அவ்வளவுதான்.

அக்கா மற்ற வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் சின்னச் சின்னது. அதே நீலம், அதே மாதிரி ஒரு நாற்காலி. சுஜா வருவாள், வழிப்பாள், உட்காருவாள். “நல்லா கீறேன்மா. இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டு வரேன். நீ ஒடம்ப பாத்துக்கோ.” தண்ணீரில் காலை ஆட்டுவாள். முடிந்தது. பதிலுக்கு குப்பம்மா அனுப்பிய குரல் செய்திகளையும் அக்கா கேட்டார். “சரி கண்ணு. சந்தோசமா இரு கண்ணு.” அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“மாப்பிள்ளைகிட்ட பேசினீங்களா?”

“அவுருக்கு வேல ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு குப்பம்மா மறுபடியும் காலண்டருக்குப் போய்விட்டார்.

அக்கா, “ம்” என்றார். எல்லாவற்றையும் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, குப்பம்மாவின் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

குப்பம்மா எழுந்து வாசல் வரை போய், திரும்பி, “உசுரோட கீறாளானு மட்டும் சொல்லு தாயி” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கொட்டகைக்கு இறால் லோடு வந்திருக்குமாம்.

“அக்கா, கேஸ் ஓவர்” என்று நான் மேஜையைத் தட்டினேன். “பொண்ணு மாலத்தீவுக்கே போவல. நாற்காலிய தொடைக்குது பாத்தீங்களா? அத்திப்பட்டுல எங்கியோ குந்தினு தாய்க்காரிக்குக் கத வுடுது.”

“அந்தம்மா இங்க வந்து தொடச்சாங்களே. நம்ம ஆபீஸ் அத்திப்பட்டுலயா கீது?”

அக்கா போனை என் பக்கம் திருப்பினார்.

“தொடைக்கறது பழக்கம். அது எங்க போனாலும் கூட வரும். தொடச்ச கைய அப்பால இன்னா பண்றா, அத்த பாரு. மொத வீடியோல கைல ஒண்ணும் இல்ல. அவளுக்கே ஆச்சரியம், சிரிக்கறா. அது நெசமான தீவு. இப்ப கடைசி வீடியோ பாரு.”

பார்த்தேன். சுஜா நாற்காலியை வழித்தாள். கையைப் பார்க்கவில்லை, காட்டவில்லை. இடுப்புப் பக்கம் துப்பட்டாவில் அழுத்தி இரண்டு தேய் தேய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

“சுத்தமான கைய யாராவது துணில தேய்ப்பாங்களா?”

“அப்ப போனது நெசம்…”

“போயிட்டுத் திரும்பி வந்ததும் நெசம். வூட்டுக்குத்தான் வரல. மொத வீடியோவுக்கு அப்பறம் ஒண்ணுலகூட மாப்பிள்ளை குரலே இல்ல.” அக்கா எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். “இங்க சாம்பல் பக்கத்துல நீலத் தண்ணி எங்க கீது?”

எண்ணூர்க் கழிமுகத் தண்ணீரின் நிறம் எனக்குத் தெரியும். அதில் நீலத்தைத் தவிர எல்லா நிறமும் உண்டு. பெண்ணை எவனோ அடைத்து வைத்து மிரட்டி வீடியோ எடுக்கிறானா? இந்த இரண்டு நாளாக அதுவும் வரவில்லை என்றால்? ஸ்கூட்டரை உதைக்கும்போது இதைச் சொன்னேன்.

“ரோட்டைப் பாத்து ஓட்டு” என்றார் அக்கா.

டோல்கேட் சிக்னலில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நின்றன. அந்த லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்து ஓட்டுவதற்கு எனக்குத் தனியாக ஒரு பதக்கம் தரவேண்டும். பஷீர் பாயின் போட்டோ ஸ்டுடியோ சிக்னலைத் தாண்டி ஒரு பூட்ஸ் கடைக்கு மேலே. வடசென்னைக் கல்யாணங்களில் பாதி அவர் கேமராவுக்குள் போய் வந்தவை. இப்போது மீதிப் பாதியும் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்ற ஆத்திரத்தில் இருந்தார்.

“எவன் மாமு இப்ப மண்டபத்துல போட்டோ எடுக்கறான்? கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் தண்ணில எறக்கி வுட்டுடறானுங்க. அப்பால சளி புடிச்சி, மேடைல மாப்பிள்ள அச்சு அச்சுனு தும்மிகினு கீறான். நான் அத்த படம் புடிக்கணும். பேஜாரு!”

“பாய், இந்த வீடியோவப் பாருங்க. இது கடலா?” என்று அக்கா போனை நீட்டினார்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே கொண்டுபோனார். சுஜா தண்ணீரில் காலை ஆட்டும் இடத்தில் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார்.

“கால் ஆட்டுது பொண்ணு. அலை கெளம்பிப் போவுதா? பாத்துகினே இரு. தோ, எதிர்ல முட்டித் திரும்பி வருது பாரு. கடல் எங்கியாவது முட்டித் திரும்பி வருமா? தொட்டிதான் திரும்பி வரும்.” போனைக் கொடுத்துவிட்டு, துப்பாத குறையாகச் சொன்னார். “அத்திப்பட்டுல செங்குட்டுவன்னு ஒருத்தன். செங்கல் சூளை இருந்த எடத்துல தொட்டி கட்டி, நீல பெயின்ட் அடிச்சி, பிளாஸ்டிக் தென்னமரம் நட்டு வெச்சிகீறான். ‘காதல் தீவு’னு போர்டு. விமானம் ஏறாமலே மாலத்தீவு. என் பொழப்புல மண்ண போட்டவன்!”

“ஆள் எப்படி? அடிதடி, ரவுடித்தனம்?”

“அவனா? குளிர்ந்த தண்ணில கால் வெக்க பயப்படுவான். ஏன் கேக்கற?”

அக்கா அதற்குள் படியிறங்கிவிட்டார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் பயந்தவன்தான் சில நேரம் பெரிய காரியம் பண்ணிவிடுகிறான் என்று எங்கள் அனுபவம் சொன்னது, அதனால் வந்த மூச்சு பாதியிலேயே நின்றது.

எண்ணூரைத் தாண்டியதும் ஹெல்மெட் கண்ணாடியில் சாம்பல் படிய ஆரம்பித்தது. நான் துடைத்தேன், படிந்தது, துடைத்தேன். வழியில் மரங்களெல்லாம் பழைய கரும்பலகை நிறத்தில் நின்றன. தூரத்தில் மின்நிலையப் புகைபோக்கிகள் நிதானமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

‘காதல் தீவு’ ஒரு பெரிய தகரக் கதவுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே நுழைந்ததும் நான் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை. முழங்கால் ஆழத்துக்கு ஒரு தொட்டி, அதன் மேல் வெள்ளைப் பலகைத் தளம், கூரை வேய்ந்த இரண்டு குடில்கள். ஒருவன் கொசுவலையைக் கழியில் கட்டித் தண்ணீர்மேல் மிதந்த சாம்பலை வழித்தெடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் பிளாஸ்டிக் தென்னை ஓலைக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். தொட்டிக்கு நடுவே வெள்ளை கோட்டு மாப்பிள்ளையும் நீண்ட கவுன் போட்ட பெண்ணும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் கோட்டை உதற ஒரு ஆள்.

சட்டைப் பையில் நான்கு பேனா செருகிய ஒல்லி ஆசாமி ஓடி வந்தார். செங்குட்டுவன்.

“புக்கிங்கா சார்? இன்னிக்கு முடியாது. நேத்தும் இன்னிக்கும் மணலி பார்ட்டி ஃபுல்லா எடுத்துக்கினாங்க. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் தொட்டி அவங்களுது. நாளைக்கு வாங்க, ஃப்ரீ.”

அக்கா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு நாளாக வீடியோ ஏன் வரவில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மாலத்தீவை வேறு ஜோடி வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

“அப்ப பொண்ணு…” என்று ஆரம்பித்தேன்.

“தோ நிக்குது” என்றார் அக்கா.

கட்டிப்போட்டு, வாயில் துணி அடைத்து, குடிலுக்குள் கிடக்கிற மாதிரி ஒரு பெண்ணை நான் வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தேன். சுஜா தொட்டியின் கரையில், வெயிலில், வெள்ளித் தாள் ஒட்டிய பெரிய தட்டியைத் தூக்கிப் பிடித்து, கவுன் போட்ட பெண்ணின் முகத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரர், “கொஞ்சம் ரைட்டு சுஜா” என்றார். தட்டியை வலப்பக்கம் சாய்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கழுத்தில் தாலி மட்டும் இருந்தது, துப்பட்டாவுக்கு அடியில்.

நாங்கள் கிட்டே போவதற்குள் மேக்கப் பெட்டியோடு ஒரு பெண் குறுக்கே வந்து நின்றாள்.

“இன்னா வோணும் உங்களுக்கு? யாரு நீங்க? அவன் அனுப்ச்சானா?”

“குப்பம்மா அனுப்பினாங்க” என்றார் அக்கா.

மேக்கப் பெண்ணின் தோள் தளர்ந்தது. பெயர் ஹஃப்சா. சுஜாவோடு அத்திப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இங்கே மணப்பெண் அலங்காரம் அவள் வேலை. வீடியோ எடுத்த கையும் அவளுடையதுதான். “எத்தினியோ வாட்டி சொல்ட்டேன்க்கா. வூட்டுக்குப் போடினு. கல்லு மாதிரி நிக்குது” என்று சுஜாவுக்குக் கேட்காமல் சொன்னாள்.

ஷூட்டிங்கில் டீ இடைவேளை விட்டார்கள். சுஜா தட்டியை இறக்கிவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள். நாங்கள் யார் என்று அக்கா சொன்னதும் தலையை ஆட்டினாள். ஓடவில்லை, அழவில்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

“எங்கம்மா இன்னா கேட்டுச்சி?”

“நீ உசுரோட கீறியானு.”

“கீறேன்னு சொல்லிடுங்க” என்றாள், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல.

“இன்னாம்மா ஆச்சி?” என்று நான்தான் கேட்டேன். அக்கா கேட்டிருக்க மாட்டார்.

“மாலை மாத்தினோம். போட்டோ எடுத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சி. அடுத்த நாளு காலைல நாஷ்டா துன்னும்போது சொன்னாரு. கூட வேல செய்யற பொண்ணு ஒண்ணு கீதாம். ரொம்ப நாளாவாம். அவங்கம்மாவுக்காகத்தான் என்னைக் கட்டினாராம். நீ நல்ல பொண்ணு, போயிடுன்னாரு. அவரே டிக்கெட் எடுத்து வெச்சிருந்தாரு. படகுல பொட்டிய அவரே தூக்கி வெச்சாரு. கை குடுத்து ஏத்தி வுட்டாரு.” கொஞ்சம் நிறுத்தினாள். “கை குடுத்தப்ப தேங்ஸ்னு சொன்னேங்க்கா. ஏன் சொன்னேன்னு தெரியல.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பேமானி என் கையில் கிடைத்திருந்தால் அந்தத் தொட்டியிலேயே முக்கியிருப்பேன். முழங்கால் ஆழம் போதும் அவனுக்கு. அக்கா “ம்” என்றுகூடச் சொல்லவில்லை.

“நேரா வூட்டுக்குப் போயிருக்கலாமே, தங்கச்சி” என்றேன்.

“போனேன். ஏர்போர்ட்லேர்ந்து நேரா போனேன். தெரு மொனைல பேனர். அவரும் நானும் சிரிச்சிகினு கீறோம், பின்னாடி தண்ணி, தீவு, விமானம். கீழ தெருப் பசங்க, பெரியவங்க எல்லார் மூஞ்சியும் போட்டு ‘வாழ்த்துகிறோம்’னு. அதுக்குக் கீழ பூந்துதான் எங்க வூட்டுக்குப் போவணும். பொட்டிய வெச்சிகினு நின்னேன். முடியல. திரும்பி ஹஃப்சாகிட்ட வந்துட்டேன்.” தொட்டியைப் பார்த்தாள். “அழுகை வருமானு தெனமும் பாக்கறேன். வரமாட்டேங்குது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உசுர வுட்டுடும்க்கா. அது இறால் உரிச்சி கட்டி வெச்ச கல்யாணம். தொட்டி இல்லாம எத்தக் காட்டறதுனு ரெண்டு நாளா போன அணைச்சி வெச்சிட்டேன். நாளைக்கு தொட்டி ஃப்ரீ ஆயிடும், வீடியோ அனுப்பிடறேன். அவரும் நானும் நல்லா கீறோம்னு சொல்லிடுங்க.”

“நீ நல்லா கீறேன்னு வேணா சொல்றேன். அவன் நல்லா கீறான்னு சொல்லத் தேவையில்ல” என்றார் அக்கா.

“ஏன்?”

“புதுசா கல்யாணமான பொண்ணக் காணோம்னா தாய்க்காரி மொதல்ல யார் சட்டையப் புடிப்பா? மாப்பிள்ள சட்டைய. உங்கம்மா எங்க ஆபீஸ்ல குந்தியிருந்த நேரம் முழுக்க, மாப்பிள்ளை எங்க, ஏன் போன் எடுக்கல, அவன் என் பொண்ண இன்னா பண்ணான்னு ஒரு தடவகூடக் கேக்கல. உனக்கு அனுப்பின ஒரு மெசேஜ்லகூட, அவுரு எப்படி கீறார்னு விசாரிக்கல.” அக்கா தன் போனில் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். “தெரியாதவங்கதான் கேப்பாங்க.”

சுஜாவின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. பயம்.

நான்கைந்து மணி அடித்தபின் குப்பம்மா எடுத்தார். பின்னால் கொட்டகைச் சத்தம், தண்ணீர் கொட்டும் சத்தம்.

“சொல்லு தாயி.”

“உசுரோட கீறா. பக்கத்துலதான் நிக்கறா.”

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குப்பம்மா யாரிடமோ, “கொஞ்சம் குழாய நிறுத்துடி” என்றார். அதுவும் நின்றது.

“சுஜா.”

“ம்மா.”

“அவன் அன்னிக்கே போன் பண்ட்டான். பொண்ண படகுல ஏத்தி வுட்டுட்டேன், வந்துடுவானு. நான் ஒண்ணும் பேசல, வெச்சிட்டேன். ராத்திரி முச்சூடும் கதவத் தொறந்து வெச்சிகினு குந்தியிருந்தேன். நீ வர்ல. தண்ணில கிண்ணில எறங்கிட்டியோன்னு நெனச்சேன். மறுநாளு வீடியோ வருது, தீவுல கீறேன், நல்லா கீறேன்னு. நீ பொய்யி சொல்றனு தெரியும். சொல்லட்டும், பொய்யி சொல்றவ உசுரோடதான கீறா, அப்டின்னு தெனம் பாத்துக்கினு இருந்தேன். ரெண்டு நாளா அந்தப் பொய்யும் வர்லடி.”

சுஜா போன் பக்கம் குனிந்தாள்.

“ஏம்மா என்கிட்ட கேக்கல?”

“எப்டி கேப்பேன்? என் வாயால நான் சொன்னா நீ வாழாவெட்டின்னு ஆயிடும். நீயா சொல்லுவேனு இருந்தேன்.” பிறகு பழைய கடைக்காரக் குரலில், “போதும், கெளம்பி வா” என்றார்.

“தெரு மொனைல பேனர் கீதும்மா.”

“எந்த பேனரு? அத்த கழட்டி எறிஞ்சாச்சி. நடுவால வெட்டி, அவன் பாதிய கக்கூஸுக்குக் கூரை போட்டுட்டேன். மழைக்கு ஒழுவாம நல்லாதான் கீது. உன் பாதி பரண்மேல சுருட்டி வெச்சிகீது.”

ஹஃப்சா வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்துவிடப் பார்த்தேன். அப்போது சுஜா கேட்டாள்:

“எப்பம்மா கழட்டின?”

“அவன் போன் பண்ண அன்னிக்குதான். கொட்டாய்லேர்ந்து வந்ததும் மொத வேலையா. சாயங்காலம்.”

கேமராக்காரர் டீ முடித்துவிட்டுக் கையைத் தட்டி ஆட்களைக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை.

“நான் மத்தியானம் மூணு மணிக்கே வந்தேன்மா” என்றாள் சுஜா. “மொனை வரைக்கும் வந்தேன். பேனர பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்.”

லைன் போய்விட்டதோ என்று அக்கா போனைப் பார்த்தார். லைன் இருந்தது. காலையிலிருந்து எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத குப்பம்மா, கொட்டகையில் அத்தனை பேருக்கு நடுவே வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் ஒரு ஜோக் தேடினேன், கிடைக்கவில்லை.

சுஜா அழவில்லை. அக்காவின் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

“அழாதம்மா. மூச்சு வாங்கும் உனக்கு. நான் வரேன், தோ கெளம்பிட்டேன். நீ கொட்டாய்லயே இரு, நான் அங்கியே வரேன்.” நடந்துகொண்டே பேசினாள். குடிலுக்குள் போய்ப் பெட்டியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்தாள். மறுகையில் போன், காதை விட்டு இறங்கவே இல்லை. “இல்லம்மா, வெக்க மாட்டேன். நீ அழுது முடிக்கற வரைக்கும் வெக்க மாட்டேன்.”

அக்கா என் சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். சுஜா பின்னால் ஏறி உட்கார்ந்தாள், பெட்டி நடுவில். வண்டி தகரக் கதவைத் தாண்டிப் போகும்போதும் அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று அக்கா எனக்குச் சொல்லக்கூட இல்லை. நான் அத்திப்பட்டு ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் பிடித்தேன்.